பூட்டிய ரிஜிஸ்டர் எங்கே திறந்துகொள்கிறது

கணினியின் மதர்போர்டில் பெரும்பாலும் 16 அல்லது 32 எம்.பி. அளவில் ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப் இருக்கும். மின்சாரம் வந்ததும் பிராசசர் முதலில் படிப்பது அதிலுள்ள ஃபர்ம்வேரை, அதாவது கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலைத்தான். அங்கே ஒருவர் தன் நிரலை எழுதிவிட்டால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறிந்தாலும் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அது போகாது. இதைத் தடுப்பது எது என்று தேடிப் போனால், சிப்செட்டுக்குள் (பிராசசருக்குத் துணையாக இருக்கும் சிப்) இருக்கும் இரண்டு மூன்று ரிஜிஸ்டர்களில் (அமைவுகளை வைத்திருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்), விரல்விட்டு எண்ணக்கூடிய பிட்டுகளில் போய் நிற்போம்.

இவற்றுக்கு லாக் பிட் என்று பெயர். தேவை எளிமையானது. கணினி துவங்கும்போது ஃபர்ம்வேர் சில அமைவுகளை எழுதியாக வேண்டும்: எந்த நினைவகப் பகுதி ரகசியம், ஃப்ளாஷில் எந்தப் பகுதியைத் தொடக் கூடாது, எந்த வெப்பநிலையில் சிப் தானே அணைய வேண்டும். எழுதி முடித்தபின் இயங்குதளத்துக்கோ அதற்குமேல் ஓடும் எதற்குமோ அந்த ரிஜிஸ்டர்களை மாற்றும் உரிமை இருக்கக் கூடாது. அதனால் ஃபர்ம்வேர் கடைசியாக லாக் பிட்டில் 1 என்று எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். அதன்பின் யார் எழுதினாலும் வன்பொருள் காதில் வாங்காது. ரீசெட் வரும்வரை.

ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்த "ரீசெட் வரும்வரை" என்பதற்குள்தான் இருக்கின்றன. எந்த ரீசெட்? அதை வரவழைப்பது யார்? ரீசெட்டுக்கும் மறுபடி பூட்டுவதற்கும் நடுவில் எந்த நிரல் ஓடுகிறது? லாக் பிட்டைச் சிலிக்கானில் வடிப்பது எளிது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதுதான் கடினம்.

மைட்டர் நிறுவனம் பராமரிக்கும் சி.டபிள்யூ.இ. என்ற பலவீன வகைகளின் பட்டியலில் 2020இல் வன்பொருள் பலவீனங்களும் சேர்க்கப்பட்டன. பூட்டு தொடர்பானவை அதில் அடுத்தடுத்த எண்களில் இருக்கின்றன. 1231 என்பது போட்ட பூட்டையே மென்பொருள் அவிழ்க்க முடிவது. 1232 என்பது உறக்கம் போன்ற மின்நிலை மாற்றத்துக்குப் பின் பூட்டு ஒழுங்காக நடந்துகொள்ளாதது. 1233 என்பது பூட்டியிருக்க வேண்டிய அமைவுக்குப் பூட்டே இல்லாதது. 1234 என்பது டீபக் (பிழை தேடும்) வசதி வழியாகப் பூட்டைத் தாண்டிப் போவது. 2021இல் முக்கியமானவை என்று தேர்ந்தெடுத்த 12 வன்பொருள் பலவீனங்களில் 1231, 1233 இரண்டும் இடம்பெற்றன. எண்களை மனப்பாடம் செய்வதைவிட, அவை நிஜத்தில் எப்படி நடந்தன என்று பார்ப்பதே பயன் தரும்.

மணியடிக்கும் பூட்டு

இன்டெல் சிப்செட்டுகளில் பயாஸ் (ஃபர்ம்வேரின் பழைய பெயர்) கண்ட்ரோல் என்றொரு ரிஜிஸ்டர் உண்டு. அதன் 0ஆவது பிட், ஃப்ளாஷில் எழுத அனுமதி. 1ஆவது பிட், பயாஸ் லாக் எனேபிள், சுருக்கமாக பி.எல்.இ. இந்தப் பெயரைப் பார்த்து, இது 1 ஆனால் எழுத முடியாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் பி.எல்.இ. எதையும் நேரடியாகத் தடுப்பதில்லை. அது போடப்பட்ட பிறகு யாராவது 0ஆவது பிட்டை 1 ஆக்கினால், எஸ்.எம்.ஐ. என்ற குறுக்கீடு எழும். பிராசசர் எஸ்.எம்.எம். எனப்படும், இயங்குதளத்துக்கும் மேலான அதிகாரம் கொண்ட தனி நிலைக்குப் போகும். அங்கே காத்திருக்கும் ஃபர்ம்வேர் நிரல் அந்த பிட்டை மறுபடி 0 ஆக்கிவிடும். கதவைத் திறந்தால் மணியடிக்கும், காவலாளி ஓடிவந்து சாத்துவார். காவலாளி வந்து சேரும்வரை கதவு திறந்துதான் கிடக்கும்.

கோரி கேலன்பெர்க், ரஃபால் வொய்ட்சுக் இருவரும் காட்டிய "ஸ்பீட் ரேசர்" தாக்குதல் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்தியது. பிராசசரின் ஒரு கோர் எழுத்து அனுமதி பிட்டை ஓயாமல் 1 ஆக்கிக்கொண்டிருக்கும். இன்னொரு கோர் ஃப்ளாஷுக்கு ஓயாமல் எழுத முயன்றுகொண்டிருக்கும். எஸ்.எம்.ஐ. எல்லாக் கோர்களையும் ஒரே கணத்தில் நிறுத்துவதில்லை. முதல் கோர் நின்று, இரண்டாவது நிற்பதற்கு முன் கிடைக்கும் நூலளவு நேரத்தில் ஓர் எழுத்து (ஒருமுறை எழுதும் செயல்) உள்ளே போய்விடும். ஒன்று போனால் போதும், மீதியை அதேபோலத் திரும்பத் திரும்பச் செய்துகொள்ளலாம். 2015 ஜனவரியில் இது சி.வி.இ-2014-8273 என்ற பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணுடன் வெளியானது.

மருந்து அதே ரிஜிஸ்டரின் 5ஆவது பிட். அது 1 ஆக இருந்தால், எல்லாக் கோர்களும் எஸ்.எம்.எம். நிலைக்குள் இருந்தால் மட்டுமே ஃப்ளாஷின் பயாஸ் பகுதியில் எழுத்து நடக்கும். ஆனால் அந்த பிட்டை 1 ஆக்குவது கணினி தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் செய்ய வேண்டிய வேலை. பலர் செய்யவில்லை. 2018 செப்டம்பரில் ஈசெட் நிறுவனம் விவரித்த லோஜாக்ஸ் என்ற தீய நிரலின் கருவி இந்த மூன்று பிட்டுகளையும் முதலில் படித்துப் பார்த்தது. அனுமதி பிட்டைத் தானே 1 ஆக்க முடிந்தால் நேராக எழுதியது. பி.எல்.இ. மட்டும் இருந்து 5ஆவது பிட் இல்லாவிட்டால், மேலே சொன்ன பந்தயத்தை ஓட்டியது. ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்ட ஒரு நுட்பம் நான்காண்டுகளுக்குள் உளவுக் கும்பலின் கைக்கருவியாகிவிட்டது.

எஸ்.எம்.ஐ.யை நம்பும் பூட்டுக்கு இன்னொரு நோயும் உண்டு. அந்தக் குறுக்கீட்டையே அணைத்துவிட்டால் மணி அடிக்காது. ஆகவே எஸ்.எம்.ஐ.யை இயக்கும் பிட்டுக்கும் ஒரு பூட்டு வேண்டும். அந்தக் குறுக்கீட்டை உண்டாக்கும், சிப்செட்டின் டி.சி.ஓ. என்ற பகுதிக்கும் ஒரு பூட்டு வேண்டும். ஒரு பூட்டு இன்னும் இரண்டு பூட்டுகளின்மேல் நிற்கிறது. ஒன்றை மறந்தாலும் மற்றவை வீண்.

இதற்குப் பக்கத்திலேயே வேறொரு காப்பும் இருக்கிறது. பி.ஆர்.0 முதல் பி.ஆர்.4 வரை ஐந்து ரிஜிஸ்டர்கள், 4 கே.பி. துல்லியத்தில் ஃப்ளாஷின் எந்தெந்தப் பகுதியில் எழுதக் கூடாது என்று குறிக்கும். எஃப்லாக்டவுன் என்ற பிட்டைப் போட்டால் அந்த ஐந்தும் உறைந்துவிடும். இது மணியடிக்கும் ரகம் கிடையாது, வன்பொருளே மறுக்கும் நேரான பூட்டு. எஸ்.எம்.எம். நிரலேகூட இதை மீற முடியாது. அந்த உறுதியே இதற்கு எல்லையும் ஆகிறது. யு.இ.எஃப்.ஐ. (இன்றைய ஃபர்ம்வேர் முறை) மாறிகள், அதாவது துவக்க அமைவுகள், சேமிக்கப்படும் பகுதியில் கணினி ஓடும்போதும் எழுதியாக வேண்டும். அதை பி.ஆர். கொண்டு மூட முடியாது. அதனால் நல்ல ஃபர்ம்வேர் இரண்டையும் சேர்த்தே போடும்: நிரல் இருக்கும் பகுதிக்கு பி.ஆர்., மாறிகள் இருக்கும் பகுதிக்கு 5ஆவது பிட்.

உறங்கி எழுந்தபின்

மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் பழைய ஏற்பாட்டில் எஸ்3 என்ற உறக்கம் வரும். ராமுக்கு மட்டும் மின்சாரம் தொடரும். பிராசசருக்கும் சிப்செட்டின் பெரும்பகுதிக்கும் மின்சாரம் போய்விடும். மேலே சொன்ன லாக் பிட்டுகள் அந்தப் பெரும்பகுதியில்தான் இருக்கின்றன. எழும்போது எல்லாம் 0. பூட்டுகள் மட்டுமல்லாமல் அவை காத்த அமைவுகளும் அழிந்திருக்கும். ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிப் பூட்ட வேண்டும்.

முழுத் துவக்கத்துக்கு ஒரு நிரல் வழி, உறக்கத்திலிருந்து எழுவதற்கு இன்னொரு குறுக்கு வழி. முதல் வழியில் பூட்டியவர் இரண்டாவது வழியில் மறப்பது எவ்வளவு எளிது என்பதற்கு 2015இல் வெளியான ஆப்பிள் விவகாரமே சான்று. 2014 நடுப்பகுதிக்கு முந்தைய சில மேக் கணினிகளில், உறங்கி எழுந்தபின் எஃப்லாக்டவுன் பிட் போடப்படாமலே இருந்ததை பெட்ரோ விலாசா என்ற ஆய்வாளர் 2015 மே மாதம் வெளியிட்டார். மூடியைச் சாத்தித் திறந்தாலே ஃப்ளாஷ் திறந்துவிடும். தந்திரமான நிரல் எதுவும் தேவையில்லை. ஜூன் மாத இறுதியில் ஆப்பிள் திருத்தம் கொடுத்தது. முழுத் துவக்கத்துக்குப் பின் சோதித்திருந்தால் அதே கணினி எல்லாத் தேர்விலும் பாஸாகியிருக்கும். இந்த வகைப் பிழை சோதனைக்குத் தப்புவதற்கு அதுவே காரணம்.

பூட்ட மறக்காதவர்களுக்கும் சிக்கல் இருந்தது. உறக்கத்திலிருந்து விரைவாக எழ, எந்த ரிஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும் என்ற பட்டியலை ஃபர்ம்வேர் முதல் துவக்கத்திலேயே தயாரித்து ராமில் வைக்கும். பூட் ஸ்கிரிப்ட் என்று இதற்குப் பெயர். எழும்போது அதை வரிவரியாக நிறைவேற்றும். பல கணினிகளில் அந்தப் பட்டியல் இயங்குதளத்தின் கைக்கெட்டும் சாதாரண ராமில் கிடந்தது. கணினி ஓடும்போது பட்டியலைத் திருத்திவிட்டு உறங்கவைத்தால் போதும், எழும்போது ஃபர்ம்வேரே தாக்குபவரின் வரிகளை, பூட்டுகள் போடப்படுவதற்கு முன், தன் கையால் நிறைவேற்றும். ஸ்பீட் ரேசரைக் காட்டிய அதே இருவரும் 2014 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் மாநாட்டில் இதை விளக்கினார்கள். எண் சி.வி.இ-2014-8274.

திருத்தம், பட்டியலை எஸ்.எம்.எம். நிலைக்குரிய காப்பு நினைவகத்தில் வைப்பது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டியலில் "இந்த முகவரியிலுள்ள நிரலை ஓட்டு" என்ற வகை வரிகள் வரலாம். பட்டியல் காப்பில் இருந்து, அது சுட்டும் நிரல் வெளியே சாதாரண ராமில் இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

பூட்டுவதா வேண்டாமா என்ற முடிவே காப்பில்லாத தரவிலிருந்து வரலாம் என்பதும் இதோடு சேர வேண்டிய செய்தி. சொந்தமாகப் பாகங்களைப் பொருத்திக் கணினி செய்து மேக் இயங்குதளம் போட்டுப் பார்த்தவர்களுக்கு சி.எஃப்.ஜி. லாக் என்ற பெயர் பழக்கமாயிருக்கும். மின்சேமிப்பு நிலைகளை அமைக்கும் ஒரு ரிஜிஸ்டரின் 15ஆவது பிட் அது. பயாஸ் திரையில் அதற்கான தெரிவு மறைக்கப்பட்டிருந்தாலும், அமைவு மாறியில் உரிய பைட்டை மாற்றிவிட்டு மறுதுவக்கம் செய்தால் ஃபர்ம்வேர் பூட்டாமல் விட்டுவிடும். அது பெரிய ஆபத்தில்லாத ரிஜிஸ்டர். ஆனால் பல போர்டுகளில் பயாஸ் லாக் தெரிவும் அதே மாறிக்குள், சில பைட்டுகள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அடுத்த துவக்கத்தில் அதைப் போட வேண்டாம் என்று சொல்ல முடிந்தால் அது ஒரு மறுதுவக்கத்துக்கு மட்டுமே தாக்குப்பிடிக்கும்.

பக்கத்து பிட்

2024 ஆகஸ்டில் ஐ.ஓ.ஆக்டிவ் நிறுவனத்தின் என்ரிக் நிசிம், கிரிஸ்டோஃப் ஒகுப்ஸ்கி வெளியிட்ட சிங்க்குளோஸ் வேறு வகை. ஏ.எம்.டி. பிராசசர்களில் எஸ்.எம்.எம். அமைவுகளை உறையவைக்க ஒரு லாக் பிட் இருக்கிறது. அது ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது, வேலையும் செய்தது. ஆனால் அது காக்கும் ரிஜிஸ்டர்களில் ஒன்றில், டி-குளோஸ் என்ற, பழைய முறைகளோடு பொருந்திப்போவதற்கான பிட் அந்தப் பூட்டுக்குள் வரவில்லை. அந்த பிட்டை 1 ஆக்கினால், காப்பு நினைவகத்துக்குப் போக வேண்டிய தரவு அணுகல்கள் வெளிச் சாதனங்களின் முகவரிகளுக்குத் திரும்பிவிடும். நிரல் வரிகள் மட்டும் பழைய இடத்திலிருந்தே வரும். எஸ்.எம்.எம். நிரல் சரியானதுதான், அது படிக்கும் தரவு அதனுடையதாக இருக்காது. அந்த இடறலைப் பிடித்துக்கொண்டு, இயங்குதளக் கருவின் (கெர்னல்) அதிகாரம் உள்ள தாக்குபவர் எஸ்.எம்.எம். அதிகாரத்துக்கு ஏறினார். சி.வி.இ-2023-31315.

பூட்டின் எல்லையை யார் வரைவது என்பதே இங்கே கேள்வி. ரிஜிஸ்டர் பட்டியலைப் பார்த்து எல்லை வரைந்தால் இப்படி ஒன்று தவறும். காக்க வேண்டிய பொருளிலிருந்து தொடங்கி, அதன் பொருளை மாற்றக்கூடிய ஒவ்வொரு பிட்டையும் தேடிச் சேர்க்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசசர் கட்டமைப்பின் பி.எம்.பி. (நினைவகக் காப்பு ஏற்பாடு) இதைச் சரியாகச் செய்திருக்கிறது. அங்கே நினைவகப் பகுதிகள் சில முறைகளில் "முந்தைய முகவரியிலிருந்து இந்த முகவரி வரை" என்று வரையறுக்கப்படும். அப்படிப்பட்ட பதிவைப் பூட்டினால், அதன் அமைவும் முகவரியும் உறைவதோடு முந்தைய பதிவின் முகவரி ரிஜிஸ்டரும் உறைந்துவிடும். இல்லாவிட்டால் கீழ் எல்லையை நகர்த்தியே பூட்டிய பகுதியைச் சுருக்கிவிடலாம் அல்லவா. அந்த ஒரு விதியை எழுதியவர்கள் தாக்குபவரின் இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

சிப்புக்குள்ளே ஒரு வரி

சிப் வடிவமைப்பில் பூட்டுக்கான நிரல் நான்கைந்து வரிகளைத் தாண்டாது. ரீசெட் வந்தால் லாக் 0. 1 எழுதப்பட்டால் லாக் 1. லாக் 0 ஆக இருக்கும்போது மட்டும் அமைவில் எழுத்து ஏற்கப்படும். பிழை பெரும்பாலும் முதல் வரியில் நுழைகிறது. வன்பொருள் பாதுகாப்புக்கான ஹேக் அட் டாக் போட்டியின் 2021 சிப் நிரலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. எல்லாப் பகுதிகளின் பூட்டுகளையும் வைத்திருக்கும் தொகுதியில், ரீசெட் நிபந்தனையில் சிப்பின் பொது ரீசெட்டோடு ஜேடேக் (டீபக் செய்வதற்கான இணைப்பு) திறப்புச் சமிக்ஞையும், ஒரு தனிப் பகுதி ரீசெட்டும் சேர்க்கப்பட்டிருந்தன. மூன்றில் எது வந்தாலும் அத்தனை பூட்டும் 0 ஆகிவிடும். ஜேடேக் திறந்தால் டீபக் செய்பவருக்கு வசதிதான். அந்த வசதி பூட்டைக் கழற்றும் சாவியாகவும் ஆகிவிட்டது.

எழுத்து நிபந்தனையிலும் இதே நடக்கும். "பூட்டில்லை, அல்லது ஸ்கேன் முறை, அல்லது டீபக் திறப்பு" என்று மூன்றை அல்லது போட்டு எழுதிவிடுவார்கள். தயாரிப்புச் சோதனைக்கு வேண்டியதாயிற்றே என்பதுதான் காரணம். சோதனைக்குப் பின்னும் அந்த வரி சிப்பில் இருக்கிறது; சந்தைக்கும் போகிறது.

மைக்ரோகண்ட்ரோலர் கையாள்பவர்கள் இதைத் தங்கள் மேசையிலேயே பார்க்கலாம். எஸ்.டி.எம்.32 வரிசையில் ஜி.பி.ஐ.ஓ. போர்ட்டுக்கு (உள்ளீட்டு-வெளியீட்டுப் பின்களின் தொகுதி) ஒரு லாக் ரிஜிஸ்டர் உண்டு. 4, 5 எண் பின்களைப் பூட்ட, ஹெக்ஸ் 00010030, பிறகு 00000030, மறுபடி 00010030 என்று 32 பிட்டாகவே மூன்று முறை எழுத வேண்டும். அதன்பின் ஒருமுறை படிக்க வேண்டும். நடுவில் கீழ் 16 பிட்டுகள் மாறினால் பூட்டு விழாது. நிரலில் அந்த ரிஜிஸ்டரின் சுட்டியை வோலட்டைல் (ஒவ்வொரு எழுத்தும் தேவை என்ற குறி) என்று அறிவிக்காவிட்டால், கம்பைலர் முதல் இரண்டு எழுத்தையும் வீண் என்று தூக்கிவிடும். போர்ட்டின் கிளாக்கை இயக்காமல் எழுதினால் மூன்றும் காற்றில் போகும். எந்த வழியிலும் பிழைச்செய்தி வராது. அதனால் கடைசியில் 16ஆவது பிட்டைப் படித்து, அது 1 என்று உறுதிசெய்யாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

பூட்டு விழுந்தாலும், உறைவது பின்னின் முறை, வெளியீட்டு வகை, வேகம், புல்-அப், மாற்றுப்பணி ஆகியவை மட்டுமே. பின்னின் மதிப்பை 0, 1 என்று மாற்றுவது உறையாது. ரிலேயை ஓட்டும் பின்னைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியடைந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இதைவிட முக்கியமானது: இந்தப் பூட்டு சிப் ரீசெட்டில் மட்டுமல்லாமல் அந்தப் போர்ட்டின் தனி ரீசெட்டிலும் கழன்றுவிடும் என்று இந்த வரிசையின் சில குடும்பங்களுக்கான கையேடே சொல்கிறது. அந்தத் தனி ரீசெட், கிளாக் கட்டுப்பாட்டுப் பகுதியில் மென்பொருள் எழுதக்கூடிய ஒரே ஒரு பிட். வழிதவறிய நிரல் தற்செயலாக அமைவைக் கெடுப்பதைத் தடுக்க இந்தப் பூட்டு நல்லது. வேண்டுமென்றே தாக்குபவரை இது தடுக்காது, அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வடிவமைப்பதே இங்கு நடக்கும் பெரிய தவறு.

மோட்டார் ஓட்டும் டைமரில் டெட் டைமை (இரு சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் இயங்காதபடி விடும் இடைவெளி) பூட்டும் இரண்டு லாக் பிட்டுகளுக்கும் தனி வழக்கம் உண்டு. ரீசெட்டுக்குப் பின் ஒரே ஒருமுறைதான் அவற்றை எழுத முடியும். அந்த ரிஜிஸ்டரில் முதல் எழுத்தில் டெட் டைமை மட்டும் எழுதி, பூட்டைப் பிறகு போடலாம் என்று விட்டால், லாக் பிட்டுகள் 0 என்ற நிலையிலேயே உறைந்துவிடும். டெட் டைம், பிரேக் அமைவு, பூட்டு நிலை எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் போட வேண்டும்.

சரிபார்ப்பது

கணினியில் இந்த பிட்டுகளைப் பார்க்க இன்டெல் வெளியிட்ட சிப்செக் கருவி போதும். லினக்ஸில் ரூட் அதிகாரத்தோடு ஓட்ட வேண்டும். அதன் கெர்னல் தொகுதி கையொப்பமிடப்படாதது என்பதால் செக்யூர் பூட் (Secure Boot) வசதியை அணைக்க வேண்டியிருக்கும். ஆகவே அன்றாட வேலைக்கான கணினியில் செய்யாமல் சோதனைக் கணினியில் செய்வது நல்லது. பயாஸ் எழுத்துத்தடை, ஃப்ளாஷ் பூட்டு, எஸ்.எம்.ஐ. பூட்டு, எஸ்.எம்.எம். நினைவகம், எஸ்3 பூட் ஸ்கிரிப்ட் என்று தனித்தனித் தொகுதிகள் இருக்கின்றன. அவ்வளவு ஆழம் வேண்டாம் என்பவர்களுக்கு எஃப்.டபிள்யூ.அப்.டி. என்ற ஃபர்ம்வேர் புதுப்பிப்புக் கருவியின் பாதுகாப்பு அறிக்கை போதும். பயாஸ் கண்ட்ரோலின் மூன்று பிட்டுகளையும் அது தனித்தனியாகக் காட்டும்.

பலர் விட்டுவிடும் படி இதற்குப் பின்தான் வருகிறது. முதல் முடிவைச் சேமித்துவிட்டு, கணினியை உறங்கவைத்து எழுப்பி, அதே சோதனைகளை மறுபடி ஓட்டி இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். புதிய மடிக்கணினிகள் எஸ்3 இல்லாமல் மேலோட்டமான உறக்கத்தையே பயன்படுத்தலாம். லினக்ஸில் மெம் ஸ்லீப் கோப்பைப் படித்தால், டீப் என்ற தெரிவு இருக்கிறதா, இப்போது அதுதான் தேர்வில் உள்ளதா என்று தெரியும். டீப் இருந்து, தேர்வில் இல்லாவிட்டால் அதைத் தேர்ந்து சோதிக்க வேண்டும். தாக்குபவரும் அதையே செய்வார்.

சிப் வடிவமைப்பவருக்குச் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். பூட்டியபின் ஒவ்வொரு பஸ் மாஸ்டரிடமிருந்தும் (ரிஜிஸ்டர்களை அணுகக்கூடிய சிப் பகுதி), 8, 16, 32 பிட் அகலங்களிலும், ரிஜிஸ்டர் தெரியும் ஒவ்வொரு முகவரியிலும் எழுதிப் பார்க்க வேண்டும். பூட்டும் எழுத்தும் அமைவு எழுத்தும் ஒரே பரிமாற்றத்தில் வந்தால் எது வெல்லும் என்று பார்க்க வேண்டும். பிறகு சிப்பிலுள்ள ஒவ்வொரு ரீசெட் கம்பியையும் தனித்தனியாக இழுத்து, பூட்டு 0 ஆகிறதா என்று குறிக்க வேண்டும். பார்மல் கருவி (விதியைக் கணித முறையில் சரிபார்ப்பது) இருந்தால் ஒரே விதி போதும்: லாக் 1 ஆக இருந்து, முழு மின்துவக்க ரீசெட் வராத வரை, லாக்கும் அமைவும் அடுத்த கிளாக்கில் மாறவே கூடாது. டீபக் சமிக்ஞைகளை இதில் விதிவிலக்காகச் சேர்க்காமல் ஓட்ட வேண்டும். அந்த விதி உடையும் இடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அந்தச் சமிக்ஞையை இயக்குவது யார், அதைச் சந்தைக்குப் போன சிப்பில் இயக்க முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.